தேதி போட்ட திருத்தம்

1

சென்ற மாதம், நான் எழுதிய ஒரு பக்கத்தை நம்பியதால் பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு பெண்ணுக்கு வேலை போகவிருந்தது. விஷயம் தெரிந்ததும் பக்கத்தைச் சரிசெய்தேன். அதனால் அவள் நிலைமை இன்னும் மோசமானது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரிய வேண்டுமானால் முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் மாவட்டச் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராக இருந்தேன். கணவருக்கு வேலை பெங்களூருக்கு மாறியபோது நானும் வந்தேன். தமிழ்ச் செய்தியைத் திருத்தத் தெரிந்தவளுக்கு இங்கே தர யாரிடமும் வேலை இல்லை. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டர் தேவை என்றார்கள். நேர்காணலில், பிரஷர் குக்கரைத் திறப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். ஆவி முழுக்க அடங்கிவிட்டதா என்று பார்ப்பதை முதல் வரியிலேயே வைத்திருந்தேன். அதற்காகத்தான் எடுத்தோம் என்று பின்னால் சொன்னார்கள்.

எங்கள் நிறுவனம் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கான மென்பொருளைச் செய்கிறது. நோயாளியின் பெயரைப் பதிவதிலிருந்து அவர் கைப்பேசிக்கு ரிப்போர்ட் போவதுவரை எல்லாம் அதில்தான். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுவது என் வேலை. எங்கே அழுத்த வேண்டும், அழுத்தினால் என்ன ஆகும், ஆகாவிட்டால் என்ன செய்ய வேண்டும். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். கன்னடத்தில் எழுதுபவள் சைத்ரா. கோலார்க்காரி, தமிழும் நன்றாகப் பேசுவாள். புத்தகமாக எதுவும் அச்சாவதில்லை. திரையின் ஓரத்தில் ‘உதவி’ என்று இருப்பதைத் தொட்டால் எங்கள் பக்கம் திறக்கும்.

என் வாசகர்கள் யாரும் விரும்பி வருவதில்லை. ஏதாவது ஒன்று நடக்காமல் போன பிறகு, பக்கத்தில் ஆள் காத்திருக்கும்போது வருகிறார்கள். பத்திரிகை வாசகரைவிட இவர்கள் என்னை அதிகம் நம்புகிறார்கள். எழுதியிருப்பதை அப்படியே செய்கிறார்கள்.

அண்ணன் இன்னமும் என்னை “பத்திரிகையில இருக்கா” என்றுதான் உறவினர்களிடம் அறிமுகப்படுத்துகிறான். நான் மறுப்பதில்லை. விளக்க ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

2

திங்கட்கிழமை வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் பிரசன்னாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பொம்மனஹள்ளியில் ஒரு பரிசோதனை நிலையத்தின் உரிமையாளர், ஒரு பெண் மருத்துவர், கேள்வி ஒன்று அனுப்பியிருந்தார். கெட்டுப்போன ரத்த மாதிரியை நிராகரிப்பது எப்படி என்று உங்கள் உதவிப் பக்கத்தில் தெளிவாக இருக்கிறதா, இல்லையா? ‘ஆம்’ என்று ஒரு வார்த்தை போதும் என்று பிரசன்னா மேலே எழுதியிருந்தார்.

பக்கத்தைத் திறந்தேன். மூன்று சிறிய வாக்கியங்கள். திரையின் படம் ஒன்று. படத்தில் ‘நிராகரி’ என்ற பொத்தானைச் சுற்றிச் சிவப்பு வளையம். தெளிவாகத்தான் இருந்தது. ‘ஆம்’ என்று எழுதியும் விட்டேன். அனுப்புவதற்குமுன் பழைய பழக்கம் தடுத்தது. ஒருவர் இன்னொருவர்மேல் புகார் சொல்லும் செய்தியில், அந்த இன்னொருவரைக் கேட்காமல் எங்கள் பிரிவிலிருந்து எதுவும் அச்சுக்குப் போகாது.

பிரசன்னாவைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் ஒருத்தி உதவிப் பக்கத்தைப் பார்க்காமல் சொதப்பிவிட்டாளாம். மருத்துவர் அவளை அனுப்பப் போகிறாராம். அதற்கு எழுத்தில் ஒரு ஆதாரம் வேண்டுமாம். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அன்றைக்கு அவர் முடிக்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

பரிசோதனை நிலையத்துக்குப் போன் செய்தேன். பன்னிரண்டு வருடத்தில் நான் கற்ற கன்னடத்தில் விசாரித்தேன். எதிர்முனையில் ஒரு பெண் முதல் வாக்கியத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, தமிழிலேயே பேசலாம் என்றாள். அவள்தான் அந்த டெக்னீஷியன். பெயர் பரிமளா.

3

மறுநாள் காலை அலுவலகம் போகும் வழியில் அங்கே இறங்கினேன். ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், மருந்துக் கடைக்கு மேல் மாடி. மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இயந்திரங்கள்.

பரிமளா ஆம்பூர்ப் பக்கம். லேப் டிப்ளமோ முடித்துவிட்டு, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலையில் இரண்டு வருடம் இருந்திருக்கிறாள். இயந்திரத்தின் முன் உட்காரும் வேலை இதுதான் முதல். ஈஜிபுராவில் நர்சிங் படிக்கும் தங்கையோடு ஓர் அறையில் இருக்கிறாள். சோதனைக் காலம் சனிக்கிழமை முடிகிறது. அதன்பின் நிரந்தரம், அல்லது வெளியே. இந்த வட்டாரத்தில் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் பழக்கம். தப்பு செய்து வெளியேற்றப்பட்டவள் என்று பெயர் வந்துவிட்டால் மறுபடி ரத்தப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்க வேண்டியதுதான் என்றாள்.

நடந்தது இது. ஒரு பெரியவரின் ரத்தத்தில் பொட்டாசியம் மிக அதிகமாகக் காட்டியது. குழாயை எடுத்துப் பார்த்தாள். மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டியது சிவந்து கிடந்தது. எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ ரத்த அணுக்கள் உடைந்துபோனால் அப்படி ஆகும். பொட்டாசியமும் பொய்யாக ஏறும். அந்த மாதிரியை நிராகரித்து, வேறு ரத்தம் கேட்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். எப்படி நிராகரிப்பது என்று மட்டும் தெரியவில்லை. என் பக்கத்தைத் திறந்தாள். அதில் சொன்ன இடத்தில் தேடினாள். தேடிக்கொண்டிருக்கும்போதே ரிப்போர்ட் தானாகப் பெரியவரின் கைப்பேசிக்குப் போய்விட்டது. அவர் குடும்பம் பதறிப்போய் அவரை ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அங்கே மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். குடும்பத்தார் நேராக இங்கே வந்து சத்தம் போட்டார்கள்.

நான் அவளை லாகின் செய்து காட்டச் சொன்னேன். செய்தாள். மாதிரியின் எண் இருந்தது, நோயாளியின் பெயர் இருந்தது. என் படத்தில் சிவப்பு வளையம் இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளை.

“நானும் இப்படித்தான் தேடினேன் மேடம். படத்துல இருக்குது, இங்க இல்ல. எனக்குத்தான் கண்ணு தெரியலயோன்னு ஆயிடுச்சு.”

காரணம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே ஒரு மாதிரி லாகினைப் பயன்படுத்துகிறோம். சோதித்துப் பார்ப்பதற்காக உண்டாக்கிய அதற்கு எல்லா அனுமதியும் உண்டு. உரிமையாளர் பார்ப்பதையும் கண்காணிப்பாளர் பார்ப்பதையும் அது ஒன்றே பார்க்கும். டெக்னீஷியனுக்கு ‘நிராகரி’ பொத்தான் தெரியாது. அந்த அதிகாரம் கண்காணிப்பாளருக்கு மட்டும். டெக்னீஷியன் ‘நிறுத்தி வை’ என்பதை வேறொரு பட்டியலில் தேடி அழுத்த வேண்டும். ரிப்போர்ட் நின்றுவிடும். கண்காணிப்பாளர் வந்து நிராகரிப்பார். இதில் ஒரு வரிகூட என் பக்கத்தில் இல்லை. எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருப்பவர் எழுதிய வழிகாட்டி அது.

4

அன்று மாலைக்குள் பக்கத்தைத் திருத்திவிட்டேன். இங்கே ஒரு வாக்கியத்தை மாற்றக்கூட விண்ணப்பம் போட வேண்டும். ஒருவர் படிக்க வேண்டும், இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரசன்னாவையும் மென்பொருள் ஆட்கள் இருவரையும் துரத்தித் துரத்தி வாங்கினேன். சைத்ரா கன்னடப் பக்கத்தைக் கூடவே மாற்றினாள். டெக்னீஷியன் லாகினில் எடுத்த புதிய படம், ‘நிறுத்தி வை’ எங்கே இருக்கிறது என்ற விளக்கம், எல்லாம் ஏறியது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை மதியம் பரிமளா கூப்பிட்டாள். குரல் அடங்கி இருந்தது. மருத்துவர் அவளை அழைத்து, அவள் முன்னாலேயே உதவிப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அதில் இருந்தது நான் முந்தின மாலை எழுதியது. டெக்னீஷியனுக்கு இந்தப் பொத்தான் தெரியாது, இதைச் செய்யுங்கள் என்று பளிச்சென்று இருந்தது. அம்புக்குறிகூட இருந்தது.

“பட்டனே இல்லன்னு சொன்னியே, இதுல அதையும் சேர்த்துத்தானே போட்டிருக்காங்கன்னு கேட்டாங்க மேடம். நேத்து வரைக்கும் இப்படி இல்லன்னு சொன்னேன். ஒரு மாதிரி பாத்தாங்க.” பிறகு சொன்னாள்: “படிக்காததுகூடப் பரவாயில்ல, பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாங்க.”

நான் பழைய பக்கத்தை அழித்து அதன் இடத்தில் புதியதை வைத்துவிட்டேன். பழையது இருந்ததற்கு வெளியில் எந்தத் தடயமும் இல்லை. அவளிடமிருந்த ஒரே சாட்சி அந்தத் தவறான பக்கம்தான்.

மருத்துவருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, நீங்களும் தமிழ், அவளும் தமிழ், என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அவர் இடத்தில் நானும் அதைக் கணக்கில் எடுத்திருப்பேன். நிறுவனத்தின் பெயரில், எழுத்தில் கொடுங்கள், பார்க்கிறேன் என்றார்.

5

பாளையங்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் நாளிதழ் அலுவலகத்துக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது. மோசடி வழக்கில் கைதானவருக்கும் இவருக்கும் ஒரே பெயர். செய்தியில் தெருப் பெயர் தவறாக இவருடையதாகப் போய்விட்டது. செய்தி ஆசிரியர் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து, யார் யாரிடம் பேச வேண்டும் சொல்லுங்கள், நாங்களே போன் செய்து விளக்குகிறோம் என்றார். அவர் காபியைத் தொடவில்லை.

“நான் வீடு வீடாப் போயா சொல்லிக்கிட்டு இருக்க முடியும்? நீங்கதான ஊருக்குச் சொன்னிய. நீங்களே மாத்திச் சொல்லுங்க.”

மறுநாள் அதே பக்கத்தில் திருத்தம் வந்தது. எந்த நாள், எந்தச் செய்தி, எது தவறு, எது சரி. நான்கு வரி. எழுத எங்களுக்குக் கசப்பாக இருக்கும். ஆனால் அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்டதைத் திரும்பப் பிடுங்க முடியாது என்பதால் வேறு வழி இருந்ததில்லை. இங்கே வழி இருக்கிறது. பிடுங்கிக்கொள்ளலாம். யாரும் பார்க்க மாட்டார்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது மகள் இனியாவிடம் இதைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு. தோழிகளோடு கன்னடத்தில் சண்டை போடுவாள். சமாதானம் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் எங்களோடு பேச மட்டும். பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நான் வேலை செய்த நாளிதழை அவள் ஒருநாளும் புரட்டியதில்லை. அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும்.

“தப்பு இருந்துச்சு, எடிட் பண்ணிட்ட. அப்புறம் எதுக்கு ‘முன்னாடி தப்பா இருந்துச்சு’ன்னு போடணும்? யாரும்மா அப்படிப் போடுவா?” என்று கேட்டாள்.

பரிமளாவைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு, குரூப்பில் ஒருத்தி மோசமாக எதையோ போட்டுவிட்டு அழித்துவிடுவாள் என்றும், பதிலுக்குத் திட்டியவள் மட்டும் பைத்தியம்போலத் தெரிவாள் என்றும் சொன்னாள். “அதானே இது?” என்றாள். அதேதான். நான் பத்திரிகை அலுவலகத்தில் வருடக்கணக்கில் கற்றதற்கு அவள் வகுப்பிலேயே உதாரணம் இருந்தது. நாங்கள் நினைக்கும் அளவுக்கு இந்தப் பிள்ளைகள் தூரம் போய்விடவில்லை.

6

வியாழக்கிழமை காலை என் மேலாளர் சுதீந்திராவிடம் போனேன். பக்கத்தின் உச்சியில் திருத்தம் என்று ஒரு கட்டம் வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது பேப்பர் இல்லை என்றார். உலகத்தில் எந்த மென்பொருள் நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தன் தப்பைப் படம் போட்டுக் காட்டுகிறது என்றார். மாற்றங்களின் வரலாறு உள்ளே பத்திரமாக இருக்கிறதே என்றார். உள்ளே இருப்பது எங்களுக்குத்தான் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்றேன். ஒரு பெண்ணுக்காக ஒரு நிறுவனத்தின் வழக்கத்தை மாற்ற முடியாது என்றார். நல்ல மனிதர், ஆனால் விற்பனைப் பிரிவு அவர் அறைக்குப் பக்கத்து அறை.

சைத்ராவிடம் வந்து சொன்னேன். “அக்கா, இது காலைல பால் பாக்கெட்டோட வர்ற பேப்பர் இல்ல, அத ஒத்துக்கங்க” என்று முதலில் கேலி செய்தாள். பிறகு அவளே உதவிப் பிரிவின் பழைய புகார்களைத் திறந்து, பொத்தான் இல்லை என்று சொன்னவற்றைத் தேட ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டுக்குமுன் திரை நிறைந்துவிட்டது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனை அறை, மைசூரில் ஒன்று, எங்கள் ஊர்ப் பக்கம்கூட ஒன்று. எல்லாவற்றின் கீழும் ஒரே முடிவு: பயனருக்கு விளக்கப்பட்டது. பயனருக்கு விளக்கி விளக்கி மூடியிருக்கிறோம். பக்கத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அதை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். சுதீந்திரா நிதானமாகப் படித்தார். இத்தனை பேர் ஏற்கெனவே தவறாகக் கற்றிருக்கிறார்கள், அவர்கள் பக்கத்தை மறுபடி திறக்கப் போவதில்லை, கட்டத்தைப் போட்டு அவர்களுக்கு அனுப்பினால்தான் தெரியும் என்று சைத்ரா கன்னடத்தில் சொன்னாள். என் வாதத்தைவிட அது அவர் காதில் நன்றாக ஏறியது.

பிறகு பேரம். கட்டம் அடியில் இருக்கட்டும் என்றார். உச்சியில் வேண்டும் என்றேன், சரி என்றார். ‘வருந்துகிறோம்’ கூடாது என்றார், விட்டுக்கொடுத்தேன். மாற்றிய தேதி வேண்டாம் என்றார். அங்கே நின்றுவிட்டேன். தேதி இல்லாத திருத்தம் ஊருக்கெல்லாம் உதவும், பரிமளாவுக்கு உதவாது. தவறு எந்த நாள்வரை இருந்தது என்பதில்தான் அவள் சொன்னது உண்மையா பொய்யா என்பது இருக்கிறது. எனக்கு விளக்கத் தெரிந்ததெல்லாம் விளக்கினேன். கடைசியில் அவர் சட்டப் பிரிவுக்கு ஒரு போன் போட்டார். முழுக்க ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டு, எங்களைப் பார்த்து “ஆய்த்து, போடுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை கட்டம் ஏறியது. தமிழில் இப்படி:

‘திருத்தம்: மாதிரியை நிராகரிக்கும் ‘நிராகரி’ பொத்தான் எல்லா லாகினிலும் தெரியும் என்பதுபோல் இந்தப் பக்கம் முன்பு எழுதப்பட்டிருந்தது. டெக்னீஷியன் லாகினில் அது தெரியாது. பழைய பக்கத்தைப் பின்பற்றிய டெக்னீஷியனால் மாதிரியை நிராகரித்திருக்க முடியாது.’

கீழே, மாற்றிய தேதி.

பிரசன்னாவின் திங்கட்கிழமைக் கேள்விக்கு அதுவரை நான் பதில் அனுப்பவில்லை. இப்போது அனுப்பினேன். தெளிவாக இருக்கிறதா என்று கேட்டதற்கு: இப்போது ஆம், சம்பவம் நடந்த அன்று இல்லை. பிரசன்னா ஒரு வார்த்தையும் மாற்றாமல் மருத்துவருக்கு அனுப்பிவைத்தார்.

7

சனிக்கிழமை மதியம் பரிமளாவின் போன். மருத்துவர் அந்தக் கட்டத்தை இரண்டு தடவை படித்தாராம். பிறகு எழுந்து இயந்திர அறைக்கு வந்து, லாகின் செய்து காட்டச் சொன்னாராம். பொத்தான் இல்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. “‘இனிமே பட்டன் கெடைக்கலன்னா தேடிட்டு நிக்காத, குழாய எடுத்துட்டு நன் ஹத்ர பா’ன்னாங்க” என்று மருத்துவரின் குரலிலேயே சொல்லிச் சிரித்தாள். என்னிடம் வா என்று பொருள். நிரந்தர உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது. தங்கைக்கு இன்னும் சொல்லவில்லை, அவள் வகுப்பில் இருக்கிறாள் என்றாள்.

எங்கள் அலுவலகத்தில் அந்தப் பொது லாகினை எழுதுகிறவர்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பக்கத்தையும், அதைப் படிக்கப்போகிறவரின் லாகினில் உட்கார்ந்துதான் எழுதுகிறோம். எனக்கே பல பொத்தான்கள் காணாமல் போய்விட்டன. பழைய பக்கங்களில் இதேபோல் வேறு சிலவும் அகப்பட்டன. அவற்றின் உச்சியிலும் தேதியோடு கட்டம் ஏறியிருக்கிறது. விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, பார்க்க நன்றாக இல்லையே என்றார். சுதீந்திரா அவருக்குக் காபி வரவழைத்தார். கட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

நேற்று பரிமளா மறுபடி கூப்பிட்டாள். மேடமாக இருந்தவள் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை.

“அக்கா, லேபிள் அடிக்கிற பக்கம் தப்பா இருக்குது. ரெண்டாவது தடவ அடிக்கணும்னா கீழ ஒரு பட்டன் வரும்னு போட்டிருக்கீங்க. வரல.”

டெக்னீஷியன் லாகினில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எனக்குப் பொத்தான் வந்தது. அவள் திரையில் என்னென்ன இருக்கிறது என்று மேலிருந்து படிக்கச் சொன்னேன். படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள்.

“இருங்க, நான் நேத்து பதிஞ்ச ஆளத் தெறந்து வெச்சிருக்கேன். இன்னிக்கி ஆளு வேற.” மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. “ஆ, வந்துடுச்சு. என் தப்புதான்க்கா. வெச்சிடறேன், வெளிய ஆளுங்க ஒக்காந்திருக்காங்க.”

வைத்துவிட்டாள்.